பறித்த பூவின் தாகம்

செடியை விட்டுப் பிரிந்த பூ அந்தக் கணத்தில் செத்துவிடுவதில்லை. விடியுமுன் பறித்த குண்டுமல்லி மொட்டு, பகல் முழுதும் கூடையில் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கூடையிலேயே விரிகிறது. விரியும்போதுதான் அதன் மணமும் எழுகிறது. அந்த மணம் காலையிலேயே மொட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததன்று. அதில் பெரும்பகுதியை, செடியை விட்டு வந்த பின்னர் பூ தன் இதழ்களுக்குள் புதிதாகச் செய்துகொள்கிறது. பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிலாளர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். மற்றப் பூக்களைச் சூட்டில் வேகவைத்து மணத்தைப் பிரித்த அவர்கள், மல்லிகையையும் நிலச்சம்பங்கியையும் மட்டும் குளிர்ந்த கொழுப்பு தடவிய கண்ணாடிப் பலகைகளின் மேல் ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல், உயிரோடு பரப்பிவைத்தார்கள். அந்த நேரம் முழுதும் பூக்கள் மணத்தைச் செய்துகொண்டே இருந்தன. கொழுப்பு அதை வாங்கிக்கொண்டது. சூடு பட்டால் பூ சாகும், மணமும் அத்தோடு முடியும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படை.

பறித்த பூவை வீட்டில் வாடாமல் வைத்திருப்பதற்கான எல்லா வழிகளும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. செடியில் இருந்தவரை வேர் நீர் கொடுத்தது, இலை சர்க்கரை கொடுத்தது. கத்தி பட்டதும் இரண்டு வரவும் நின்றுவிடுகின்றன. செலவு மட்டும் நிற்பதில்லை. இதழும் இலையும் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. பூ மூச்சுவிடுகிறது, கையிருப்புச் சர்க்கரையை எரிக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த எரிப்பின் வேகம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகிறது. ஓசூர்ப் பசுமைக்குடிலில் விடியற்காலை வெட்டப்பட்டுக் குளிரூட்டிய வண்டியில் வந்த ரோஜா, சித்திரை மாதத்து மதுரைக் கூடத்தில் மூன்றே நாளில் தலை சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூவின் பருவங்களைத் தமிழ் ஏழாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பூ வாங்கும் இடத்தில் இந்தப் பகுப்பு மிகவும் உதவும், ஏனென்றால் எல்லாப் பூவையும் ஒரே பருவத்தில் வாங்கக் கூடாது. மல்லிகை மொட்டாகவே வீட்டுக்கு வர வேண்டும். ரோஜா முகையாக, வெளி இதழ் ஒன்றிரண்டு நெகிழத் தொடங்கிய நிலையில் இருக்க வேண்டும். அதைவிட இறுகிய மொட்டு பல சமயம் விரியாமலே கழுத்து சாய்ந்துவிடும். கிளாடியோலஸ் தண்டில் அடியில் உள்ள ஓரிரு பூக்கள் நிறம் காட்டியிருந்தால் போதும், மற்றவை ஜாடியில் வரிசையாக மேல்நோக்கி விரியும். இதற்கு நேர்மாறானவை செவ்வந்தியும் ஜெர்பராவும். இவற்றை நன்றாக மலர்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். செவ்வந்தியின் நடுப்பகுதி இன்னும் சற்றுப் பசுமையாக இருக்கலாம். ஜெர்பராவின் நடுவட்டத்தில் ஓரத்து இரண்டு வரிசைச் சிறுபூக்களாவது விரிந்திருக்க வேண்டும். ஆர்க்கிட் தண்டிலும் பெரும்பாலான பூக்கள் மலர்ந்திருப்பதே நல்லது. நுனியில் எஞ்சியுள்ள சிறு அரும்புகளில் பல விரியாமலே உதிரும்.

கடையில் ரோஜாவின் புதுமையை அறிய, பூவின் அடிப்பகுதியை இரு விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது வழக்கம். திண்ணென்றிருந்தால் புதியது, பஞ்சாக அமுங்கினால் பழையது. வெளியோரத்தில் பச்சையோ கறுப்போ படிந்த தடித்த இதழ் இருந்தால் அது குறையன்று. செடியில் மொட்டைக் காத்து நின்ற இதழ் அது, கிள்ளி எடுத்துவிடலாம். காம்பின் அடி பழுப்பேறி வழவழப்பாக இருந்தாலோ, உறைக்குள் நீர்த்துளிகள் படிந்து இதழில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அந்தக் கொத்தை விட்டுவிட வேண்டும். அந்தப் புள்ளிகள் சாம்பல் பூஞ்சையின் தொடக்கம். இதழின் மேல் நீர் தெளிப்பது புத்துணர்ச்சி தரும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளித்த நீர் இதழ் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. இதழ்களுக்கு இடையே தேங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதே அதிகம்.

இனி தாகம். வீட்டு ஜாடியில் நேரத்துக்கு முன்பே வாடும் பூக்களில் பெரும்பாலானவை பசியாலோ மூப்பாலோ சாவதில்லை. கழுத்துவரை நீரில் நின்றபடியே தாகத்தால் சாகின்றன. காம்புக்குள் மயிரினும் மெல்லிய குழாய்கள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. இலையிலிருந்தும் இதழிலிருந்தும் நீர் ஆவியாகும்போது, அந்த இழுப்பில் குழாய்களுக்குள் நீர் அறுபடாத சரமாக மேலேறுகிறது. சரம் எப்போதும் இழுபட்ட நிலையில்தான் இருக்கும். வெட்டியவுடன் கீழிழுப்பு அறுந்து நீர் மேலே பின்வாங்க, காலியான குழாய்க்குள் காற்று புகுகிறது. பிறகு ஜாடியில் வைத்தாலும் அந்தக் காற்றுக்குமிழி நீருக்கு வழி விடாது. கடையிலிருந்து வீடு வரும் அரை மணி நேரத்தில் நடப்பது இதுதான்.

இதற்குத் தீர்வு எளிது. வீட்டுக்கு வந்ததும் காம்பின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மறுபடி வெட்டிவிட வேண்டும். காற்று அடைத்த பகுதி பெரும்பாலும் அதோடு போய்விடும். இயன்றால் அந்த வெட்டை ஒரு வாளி நீருக்குள் காம்பை அமிழ்த்திப்பிடித்துச் செய்ய வேண்டும். திறந்த குழாய்க்குள் அப்போது காற்றுக்குப் பதில் நீரே புகும். ஜப்பானின் இக்கெபானா கலைஞர்கள் இந்த நீருக்குள் வெட்டும் முறைக்கு மிசுகிரி என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். மலரடுக்கும் கலையில் அவர்களுடைய முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. வெட்டிய காம்பை உடனே ஜாடிக்கு மாற்ற வேண்டும். ஜாடியில் முதலில் ஊற்றும் நீர் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பாக, ஏறத்தாழ 40 டிகிரியில் இருந்தால், ரோஜா, செவ்வந்தி போன்றவை வேகமாகக் குடிக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைந்த காற்று குறைவு; நீரின் ஓட்டமும் எளிது.

காம்பைச் சாய்வாக வெட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் குழாய்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. தட்டையாக வெட்டிய காம்பு ஜாடியின் அடித்தளத்தில் ஒட்டி உட்கார்ந்து வாயை அடைத்துக்கொள்ளும், சாய்வு அதைத் தடுக்கும்; பயன் அவ்வளவே. ஆனால் கருவி கூர்மையாக இருக்க வேண்டும் என்பது உண்மையிலேயே முக்கியம். மழுங்கிய சமையலறைக் கத்தரிக்கோல் மென்மையான காம்பை வெட்டுவதற்குப் பதில் நசுக்குகிறது. கடினமான தண்டுகளைச் சுத்தியலால் தட்டி நுனியைச் சிதைத்து வைக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. அது கெடுதல். நசுங்கிய திசுவிலிருந்து கசியும் சாறு, அடுத்த பகைவனுக்கு உணவாகிறது.

அந்தப் பகைவன் பாக்டீரியா. காம்பின் வெட்டுவாயிலிருந்து சர்க்கரையும் புரதமும் நீரில் கசிகின்றன. நீருக்குள் மூழ்கிய இலைகள் அழுகுகின்றன. இரண்டு நாளில் ஒரு மில்லிலிட்டர் ஜாடி நீரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பெருகிவிடும். கலங்கலும் நாற்றமும் வருவதற்கு முன்பே அவை தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அவையும் அவை சுரக்கும் கோழையும் குழாய்களின் வாயில் படிந்து அடைத்துவிடுகின்றன. ரோஜா கழுத்து சாய்வதும், ஜெர்பரா நடுத்தண்டில் மடங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே பூவின் ஆயுளுக்கு மிகுதியாகச் செய்யக்கூடியது, சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் அக்கறையோடு ஜாடியைக் கழுவுவதே. கடையில் விற்கும் எந்தப் பொடியும் அழுக்கு ஜாடியை ஈடுசெய்யாது. போன கொத்தின் வழவழப்பு உள்ளே ஒட்டியிருந்தால், புதுக்கொத்துக்கு அன்றே அடைப்பு தொடங்கும். சோப்பும் தேய்ப்பானும் கொண்டு உட்புறம் தேய்த்து, சில துளி பிளீச் கலந்த நீரால் அலசிவிட வேண்டும். குறுகிய கழுத்துள்ள ஜாடிகளில் ஒரு பிடி அரிசியும் நீரும் போட்டுக் குலுக்கினால் அழுக்கு பெயரும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. ஆனால் மேலே உள்ள இலைகளை எல்லாம் உருவிவிடவும் கூடாது. நீரை மேலே இழுப்பதில் இலைகளுக்குப் பங்குண்டு. ஜாடி நீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும், கோடையில் தினமும். நிரப்பும்போதெல்லாம் காம்பில் ஒரு சென்டிமீட்டரைப் புதிதாக வெட்டுவது நல்லது. பழைய நீரின் மேல் புதுநீரை ஊற்றி மட்டம் சரிசெய்வது சோம்பேறித்தனம் மட்டுமன்று, பாக்டீரியாவுக்குச் செய்யும் உபகாரம்.

நீரின் தரமும் கணக்கில் வரும். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ரோஜாவும் கார்னேஷனும் சரிவரத் தாக்குப்பிடிப்பதில்லை. குடிநீருக்காகச் சுத்திகரித்த நீரோ சேமித்த மழைநீரோ அங்கே பூவுக்கும் ஏற்றது. கடினநீரை மென்னீராக்கும் கருவியிலிருந்து வரும் நீர் இன்னும் மோசம்; அதில் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சோடியம் இருக்கிறது. கிளாடியோலஸும் ஜெர்பராவும் ஃபுளோரைடைத் தாங்காதவை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இவற்றின் இதழோரம் கருகுவதற்கு அதுவே காரணமாகலாம்.

நீருக்கு அடுத்தது உணவு. விரிந்து முடித்த செவ்வந்திக்கு உணவு அவ்வளவாகத் தேவையில்லை; மொட்டாக வந்து ஜாடியில் விரிய வேண்டிய ரோஜாவுக்கும் சம்பங்கிக்கும் கிளாடியோலஸுக்கும் தேவை. சர்க்கரைதான் அந்த உணவு. ஆனால் வெறும் சர்க்கரையை மட்டும் நீரில் போட்டால் பூவுக்கு முன் பாக்டீரியா விருந்துண்ணும். பூ வெறும் நீரில் இருந்ததைவிடச் சீக்கிரம் வாடும். இதனால்தான் பூக்கடைகளில் தரும் சிறு பொட்டலப் பொடியில் மூன்று சரக்குகள் சேர்ந்தே இருக்கின்றன: சர்க்கரை, நீரைப் புளிப்பாக்கும் ஓர் அமிலம், கிருமியைத் தடுக்கும் ஒரு மருந்து. சற்றே புளித்த நீர் காம்பில் எளிதாக ஏறுகிறது, பாக்டீரியாவும் அதில் மெதுவாகவே வளர்கிறது.

அதே கலவையை வீட்டிலும் செய்துகொள்ளலாம். ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி பிளீச் திரவம். மணமோ நிறமோ சேர்க்காத சாதாரண பிளீச்சாக இருக்க வேண்டும். ஒன்றைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்: பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு எழும். முழு லிட்டர் நீரையும் முதலில் எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொன்றாகக் கலக்க வேண்டும். எலுமிச்சைச் சுவையுள்ள நிறமற்ற குளிர்பானம் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு, அதோடு சில துளி பிளீச் என்பதும் அதே தத்துவம்தான். பானத்தில் சர்க்கரையும் அமிலமும் ஏற்கெனவே உள்ளன. சர்க்கரை இல்லாத டயட் வகை பயன்படாது. இந்தப் புளிப்பு நீரைப் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஊற்றக் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்து நீரில் கலக்கும். கண்ணாடியும் பீங்கானும் தொல்லையற்றவை.

வீட்டு வைத்தியங்களில் ஆஸ்பிரின் மாத்திரைக்கும் நாணயத்துக்கும் பெரிய பெயர் உண்டு. ஆஸ்பிரின் நீரைச் சற்றுப் புளிப்பாக்குவது உண்மை. அதற்கு எலுமிச்சை போதும். செம்புக்குக் கிருமியை அடக்கும் குணம் இருப்பதும் உண்மை. ஆனால் நாணயத்திலிருந்து நீரில் கரையும் செம்பு மிகச் சொற்பம். அதிலும் இன்று இந்தியாவில் கைக்குக் கிடைக்கும் ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அதை ஜாடியில் போடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தாகத்துக்கும் பசிக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது கேடு ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரங்களில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை எரித்து விளக்கேற்றினார்கள். குழாயில் கசிவு ஏற்பட்ட தெருக்களில் மரங்கள் காரணமின்றி இலை உதிர்த்தன. 1901-இல் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி நெல்யுபோவ், ஆய்வகக் காற்றில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் கோணி வளர்வதற்கு அந்த வாயுவில் உள்ள எத்திலீனே காரணம் என்று கண்டார். சிகாகோவின் பூ வளர்ப்போர் வேறொரு தொல்லையில் இருந்தார்கள்: கண்ணாடிக்குடிலில் மலர்ந்த கார்னேஷன்கள் ஒரே இரவில் மறுபடி மூடிக்கொண்டன. அதை அவர்கள் பூக்கள் தூங்கிவிட்டதாகச் சொன்னார்கள். 1908-இல் குராக்கர், நைட் என்ற இரு ஆய்வாளர்கள் காற்றில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் 12 மணி நேரம் இருந்தால் விரிந்த கார்னேஷன் மூடிக்கொள்ளும் என்று காட்டினார்கள். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளியிடுகிறது என்று நிறுவினார். வெளியிலிருந்து வரும் நஞ்சாகக் கருதப்பட்ட வாயு, தாவரம் தனக்குத் தானே அனுப்பும் மூப்பின் செய்தி என்பது அப்போது புரிந்தது. பூவும் முதிரும்போது எத்திலீனை விடுகிறது. மகரந்தம் சேர்ந்த ஆர்க்கிட் ஓரிரு நாளில் சுருங்கிவிடுவது அதனால்தான்.

தமிழ்நாட்டு, இலங்கை வீடுகளுக்கு இந்த வாயு புதிதன்று. வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடைத்துப் புகை போட்டுப் பழுக்க வைப்பது நெடுநாள் வழக்கம். காயைப் பழுக்க வைப்பது அந்தப் புகையில் உள்ள எத்திலீன் முதலிய வாயுக்களே. காயைக் கனிவிக்கும் அதே செய்தி பூவுக்குப் போனால் பூ முதிர்கிறது. ஆகவே பழத்தட்டுக்கு அருகில் பூ ஜாடி கூடாது. மாம்பழமும் வாழைப்பழமும் கனியும் அறையில் கார்னேஷன் நிலைக்காது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகையும் மூடிய பூஜையறையில், அடுப்பு எரியும் சமையலறையில் பூ சீக்கிரம் தளர்வதற்கும் புகை ஒரு காரணம். ஜாடியில் வாடிய பூவை அடுத்த பூக்களுக்காகவேனும் உடனே எடுத்துவிட வேண்டும்.

எத்திலீனுக்கு எல்லாப் பூவும் ஒரே அளவில் அடங்குவதில்லை. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் மிக எளிதில் பாதிக்கப்படும்; ரோஜா வகைக்கு ஏற்ப மாறும்; செவ்வந்தியும் ஜெர்பராவும் ஏறத்தாழப் பொருட்படுத்துவதே இல்லை. 1978-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெள்ளித் தயோசல்ஃபேட் கரைசலில் காம்பைச் சிறிது நேரம் வைத்தால் கார்னேஷனின் ஆயுள் இரு மடங்காகும் என்று கண்டார்கள். வெள்ளி, பூவின் காதை எத்திலீனுக்கு அடைத்துவிடுகிறது. வெள்ளி ஒரு கன உலோகம், அதன் கழிவு நீர்நிலைக்குக் கேடு என்பதால் இதைப் பண்ணைகள்தான் கவனத்தோடு செய்ய வேண்டும். வீட்டில் முயலக் கூடாது. நல்ல பண்ணையிலிருந்து வந்த கார்னேஷன் அந்தச் சிகிச்சையைப் பெரும்பாலும் முடித்துக்கொண்டே வருகிறது.

ஜாடியை வைக்கும் இடம் வெயில் படாததாக, மின்விசிறிக் காற்றும் குளிரூட்டியின் வறண்ட காற்றும் நேராக அடிக்காததாக இருக்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கமும் குளிர்பதனப் பெட்டியின் மேற்புறமும் தோற்றத்துக்கு நல்ல இடங்கள், பூவுக்குச் சூடான இடங்கள். இரவில் ஆள் இல்லாத கூடத்தில் பூ வீணாக மூச்சுவிடுவதைத் தவிர்க்க, ரோஜாவையும் கார்னேஷனையும் ஜாடியோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காலையில் எடுக்கலாம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி அவற்றுக்கு ஏற்றது; உள்ளே பழங்கள் இருக்கக் கூடாது. வெப்பநாட்டுப் பூக்களுக்கு இது பொருந்தாது. ஆந்தூரியம், ஹெலிகோனியா, ஆர்க்கிட் ஆகியவை 10 டிகிரிக்குக் கீழே குளிர்க்காயம் பட்டுக் கறுக்கும். ஏற்காட்டு ஆந்தூரியத்தை அறையிலேயே வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். குளிரில் வைத்தால் அந்த ஆயுளை இழக்கும்.

இனித் தனிப்பூக்கள். கழுத்து சாய்ந்த ரோஜாவைத் தூக்கிப்போட அவசரப்பட வேண்டியதில்லை. காம்பை நீருக்குள் புதிதாக வெட்டி, பூ, இலை, தண்டு எல்லாம் மூழ்கும்படி ஒரு பெரிய தொட்டி நீரில் படுக்கவைத்தால், ஒரு மணி நேரத்தில் பல பூக்கள் நிமிர்ந்துவிடும். மூப்பால் சாய்ந்த பூ மட்டும் நிமிராது. ஜெர்பராவின் தண்டு உள்ளீடற்றது, ரோமம் அடர்ந்தது, எளிதில் அழுகுவது. ஆகவே அதற்கு ஜாடியில் நான்கைந்து சென்டிமீட்டர் நீர் போதும். செவ்வந்தியில் இதழுக்கு முன் இலை வாடும். வாடிய இலையைக் கிள்ளிவிட்டால் பூ இரண்டு வாரம் வரை நிற்கும். துலுக்கச் சாமந்தியின் காம்பு நீரை மிக விரைவில் நாறவைக்கும், அதற்குத் தினமும் நீர் மாற்ற வேண்டும். கிளாடியோலஸை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்து, பிறகு நேராகாது. சம்பங்கியும் கிளாடியோலஸும் அடியிலிருந்து மேல்நோக்கி மலர்வதால், அடியில் வாடுவதைக் கிள்ளக் கிள்ள மேலே விரியும். லில்லியில் மகரந்தப்பைகளைப் பூ விரிந்ததும் எடுத்துவிட்டால் இதழிலும் துணியிலும் கறை படாது. பூனை வளர்க்கும் வீட்டில் லில்லியே கூடாது. அதன் மகரந்தமும் ஜாடி நீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பால் வடியும் செடிகள் தனி இனம். நந்தியாவட்டை, எருக்கு, அரளி ஆகியவற்றின் வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெட்டிய நுனியை அரை நிமிடம் கொதிநீரில் தோய்த்தாலோ தீயில் காட்டினாலோ பால் நின்று நீர் ஏறும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அது நின்ற நீரைக் குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாத இடத்தில் கொட்ட வேண்டும். பூங்கொத்துக் கூடைகளில் பூவைச் செருகும் பச்சை ஃபோம் கட்டியையும் இங்கே சொல்லிவிடலாம். அதை நீரில் கையால் அமுக்கினால் நடுவில் காற்று சிக்கி உலர்ந்தே இருக்கும். நீரின் மேல் மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விட வேண்டும். மக்காத பொருள் என்பதால், ஜாடி இருக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை.

காம்பில்லாத பூக்களைக் காப்பது வேறு வேலை. தோவாளையிலும் மதுரை மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் குவியும் உதிரிப்பூவுக்கு ஜாடியில் இடமில்லை. அதற்கு நீர் ஊட்ட வழியும் இல்லை. உள்ள நீரை இழக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. வாழையிலையும் ஈர வாழைநாரும் இந்த வேலையை எந்தப் பிளாஸ்டிக் பையையும்விடச் செம்மையாகச் செய்கின்றன. நாரின் ஈரம் சரத்தைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக்குகிறது. இலை வெக்கையைத் தடுக்கிறது. மூடிய பிளாஸ்டிக் பையிலோ பூவின் மூச்சுச்சூடு உள்ளேயே தங்கி, வியர்த்து, இதழ் பழுப்பேறுகிறது. விரிந்த தாமரைக்கு ஆயுள் ஓரிரண்டு நாளே. முகையாகப் பறித்த தாமரை தானாக விரிவது அரிது. பூக்கடையிலும் கோயில் வாசலிலும் விரலால் இதழை மடித்து அழகுபடுத்துவது அதனால்தான். உருளியில் மிதக்கவிடும் பூக்களுக்கும் ஒரு நாளே கணக்கு, நீர் மாற்றுவது அங்கேயும் விதி.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியானாலும் வேறு ஊர் மல்லியானாலும், விரிந்த பூவுக்கு ஓர் இரவுக்கு மேல் ஆயுளை நீட்டும் வழி எதுவும் இல்லை. செய்யக்கூடியது விரிவதைத் தள்ளிப்போடுவது மட்டுமே. வாங்கியதும் நனைக்காமல், நசுங்கிய மொட்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியிலோ வாழையிலையிலோ தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டிபன் பாக்ஸில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உறைபெட்டிக்கு அருகில் கூடாது. உறைந்த இதழ் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறமாகி, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும். பழங்கள் இருக்கும் தட்டிலும் கூடாது. இவ்வாறு வைத்த சரம் மறுநாளும் மொட்டாகவே இருக்கும். அதற்கு மேல் குளிரில் கிடந்தால் சரியாக விரியாது. மாலை விழாவுக்குச் சூட வேண்டிய சரத்தைப் பிற்பகலிலேயே வெளியே எடுத்து, வாழையிலையோடு நிழலில் வைத்துவிட்டால், விளக்கேற்றும் நேரத்துக்கு அது விரிந்து மணக்கும்.